பிலடெல்பியாவுக்கும் பிரெயின்ட்ரிக்கும் நடுவே

1776 செப்டம்பர் 5. அமெரிக்கா தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. லாங் ஐலண்டில் வாஷிங்டனின் படை தோற்றுப் பின்வாங்கிய காயம் ஆறவில்லை. பிலடெல்பியாவில் போர் வாரியத்துக்குத் தலைமை வகித்த ஜான் ஆடம்ஸ் அன்று மனைவி அபிகெயிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் பொருமியது ஒரு டப்பா தேயிலைக்காக.

நடந்தது இதுதான். அபிகெயில் அப்போது போஸ்டனில் இருந்தார். அம்மை குத்திக்கொண்டதால் உடம்பு தளர்ந்து, தலைவலியோடு கிடந்தார். ஆடம்ஸ் தாம் தங்கியிருந்த விடுதிக்காரம்மாவிடம் சொல்லி ஒரு பவுண்டு பச்சைத் தேயிலை வாங்கச் செய்தார். பவுண்டு நாற்பது ஷில்லிங் அளவுக்கு விலை ஏறியிருந்த காலம். ஊருக்குக் கிளம்பிய எல்பிரிட்ஜ் ஜெர்ரியிடம் டப்பாவைக் கொடுத்தனுப்பினார். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஜெர்ரியும் ஒருவர். அவர் திரும்பி வந்ததும் ஆடம்ஸ் ஆவலோடு கேட்டார், சேர்த்துவிட்டீர்களா என்று. சேர்த்துவிட்டேன், சாமுவேல் ஆடம்ஸின் வீட்டம்மாவிடம் என்றார் ஜெர்ரி. இரண்டு ஆடம்ஸுகளும் உறவினர்கள், இருவரும் மாசசூசெட்ஸ் பிரதிநிதிகள். ஜெர்ரிக்கு ஆள் மாறிப் போயிற்று.

அபிகெயிலின் பதில் அந்த மாதமே போயிற்று. அவர் சாமுவேல் ஆடம்ஸ் வீட்டுக்குப் போயிருந்தபோது அருமையான பச்சைத் தேநீர் கொடுத்தார்களாம். இந்தப் பஞ்சத்தில் இது எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, என்னவர் ஜெர்ரியிடம் கொடுத்தனுப்பினார் என்று அந்த அம்மாள் சொன்னாராம். அபிகெயில் வாயைத் திறக்கவில்லை. நான் இவ்வளவு சீக்காய்க் கிடக்கும்போது என்னவருக்கும் இப்படி ஒன்று தோன்றியிருக்கலாமே என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டதோடு சரி. உண்மை தெரிந்த பிறகு, மிச்சம் இருப்பதை ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அவர்கள் தாராளமாகப் போட்டுக் குடித்ததில் பாதி தீர்ந்திருக்கும் என்று எழுதினார். அபிகெயில் குடித்தது தம்முடைய தேயிலையைத்தான்.

அதே போஸ்டன் துறைமுகத்தில்தான் 1773 டிசம்பர் 16 இரவு கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகளைத் தண்ணீரில் கொட்டினார்கள். நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வரி வசூலித்த அதே கம்பெனி. தேயிலையைக் கொட்டியதைப் பாடநூல் சொல்கிறது. மூன்று வருடம் கழித்து அந்தப் புரட்சியின் முன்னணித் தலைவர் ஒருவர் மனைவியின் தலைவலிக்குத் தேயிலை தேடியதை இந்தக் கடிதங்கள்தான் சொல்கின்றன.

நான் கல்லூரியில் அமெரிக்க வரலாறு பாடம் எடுத்தவள். பி.ஏ. மாணவிகளின் நோட்டில் ஜான் ஆடம்ஸுக்கு ஐந்தாறு வரி கிடைக்கும்: இரண்டாவது குடியரசுத் தலைவர், பிரான்ஸோடு உரசல், அந்நியர் சட்டமும் தேசத்துரோகச் சட்டமும், ஒரே தவணை, 1800 தேர்தலில் ஜெபர்சனிடம் தோல்வி. வாஷிங்டனுக்கும் ஜெபர்சனுக்கும் இடையில் வந்து போகிறவர். அந்தப் பிள்ளைகளுக்கு நான் வாசித்துக் காட்டிய கடிதங்களில் தேயிலைக் கதை எப்போதும் உண்டு. அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் ஆடம்ஸை வேறு யாரோடும் குழப்பிக்கொண்டதில்லை.

ஜானுக்கும் அபிகெயிலுக்கும் இடையே 1762 முதல் 1801 வரை போய்வந்த கடிதங்களில் 1,100-க்கும் மேற்பட்டவை மிஞ்சியிருக்கின்றன. காரணம் பிரிவு. 1764 அக்டோபர் 25 அன்று திருமணம். அவருக்கு வயது 28, அபிகெயிலுக்கு 19. வக்கீல் தொழிலுக்காக அவர் ஊர் ஊராகக் கோர்ட் சுற்றினார். 1774-இல் பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸுக்குப் போனார். 1778-இல் பிரான்ஸுக்குக் கப்பல் ஏறினார். போஸ்டனுக்குத் தெற்கே பிரெயின்ட்ரியில் பண்ணை, மாடு, கூலியாள், கடன், குழந்தைகள் எல்லாம் அபிகெயில் பொறுப்பு. பிலடெல்பியா 300 மைலுக்கு அப்பால். ஒரு கடிதம் போய்ச்சேரப் பத்து நாள், இரண்டு வாரம், சில சமயம் அதற்கும் மேல்.

கல்யாணத்துக்கு முன்பே கடிதங்கள் தொடங்கிவிட்டன. 1764 ஏப்ரலில் ஆடம்ஸ் அம்மை குத்திக்கொள்ளப் போஸ்டனில் தனித்து இருந்தார். அம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழை எடுத்து, நல்ல உடம்பில் கீறி வைக்கும் பழைய முறை அது. ஜென்னரின் பசு அம்மைத் தடுப்பூசி வர இன்னும் 32 வருடம் இருந்தது. அவர் தொட்ட தாளில் நோய் ஒட்டிவரும் என்று பயந்தார் அபிகெயிலின் தாய். அதனால் ஒவ்வொரு கடிதத்தையும் வேலையாள் டாம் புகை காட்டிய பிறகே மகளிடம் தர விட்டார். எத்தனை முறை காட்டினாலும் அந்த அம்மாளுக்குத் திருப்தி இல்லை. கூட்டைக் கலைத்த பறவை அங்கேயே சுற்றிச்சுற்றிப் பறக்குமே, அப்படித்தான் டாம் புகை காட்டி முடிக்கும்வரை நான் அவனைச் சுற்றுகிறேனாம் என்று அபிகெயில் எழுதுகிறார்.

அந்த நாட்களில் அபிகெயில் தம் குறைகளைப் பட்டியலிட்டு எழுதச் சொன்னார். ஆடம்ஸ் எழுதினார்: சீட்டாடத் தெரியவில்லை, பாட்டு வராது, தலையைத் தொங்கப்போட்டு உட்காருகிறாய், கால் மேல் கால் போடுகிறாய், பாதங்களை உள்பக்கம் வளைத்து நடக்கிறாய். அபிகெயில் இரண்டே நாளில் பதில் எழுதினார். மற்றதை ஏற்கிறேன், ஆனால் ஒரு பெண்ணின் கால்களைப் பற்றி ஓர் ஆண்மகனுக்கு என்ன பேச்சு என்று. பிற்காலத்தில் இங்கிலாந்து மன்னர் முன்னால் முதல் அமெரிக்கத் தூதராக நின்ற மனிதரை இப்படி வாயடைக்க வைத்தவர் ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

1775 ஜூனுக்கு வருகிறேன். அந்த மாதத்தில் அபிகெயில் கேட்ட ஒரு பொருள் குண்டூசி. இங்கிலாந்திலிருந்து சரக்கு வருவது நின்றுபோனதால் ஊரில் குண்டூசிப் பஞ்சம். அக்காலத்துப் பெண்கள் உடையைப் பூட்டவே அது வேண்டும். ஏழரை ஷில்லிங்குக்கு வாங்கியது இருபது ஷில்லிங் கொடுத்தாலும் கிடைக்கவில்லை, ஆறாயிரம் ஊசி உள்ள ஒரு கட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள் என்று எழுதுகிறார். ஜூன் 17 அன்று பீரங்கிச் சத்தம் கேட்டு, எட்டு வயது நிறையாத மூத்த மகன் ஜான் குவின்சியைக் கூட்டிக்கொண்டு பென்ஸ் ஹில் மேட்டில் ஏறிப் பார்த்தார். எதிரே சார்ல்ஸ்டவுன் எரிந்துகொண்டிருந்தது. பங்கர் ஹில் சண்டை. அந்தச் சண்டையில் மாண்டவர்களில் ஒருவர் ஜோசப் வாரன். அவர்கள் குடும்ப மருத்துவர். ஜான் குவின்சியின் நொறுங்கிய விரலை வெட்டாமல் காப்பாற்றியவர். மறுநாள், ஜூன் 18, அபிகெயில் அந்தச் சாவைக் கணவருக்கு எழுதினார்.

அதே ஜூன் 18 அன்று பிலடெல்பியாவில் இன்னொருவர் தம் மனைவிக்கு எழுதிக்கொண்டிருந்தார். படைத் தலைமையை ஏற்றிருந்த ஜார்ஜ் வாஷிங்டன். இந்தப் பதவியை நான் தேடிப் போகவில்லை என்கிறார். உயில் எழுதி வைத்திருக்கிறேன் என்கிறார். கடைசியில், உனக்கு மஸ்லின் துணி வாங்கியிருக்கிறேன், மிக அழகானது என்று கடையில் சொன்னார்கள், உனக்குப் பிடிக்க வேண்டுமே என்று விலையோடு சேர்க்கிறார். நாற்பது வருட மணவாழ்க்கையில் வாஷிங்டன் மனைவிக்கு எழுதியவற்றில் இப்படி மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றவற்றை மார்த்தா எரித்துவிட்டார். இந்த ஜூன் மாதக் கடிதம் மேசை இழுப்பறைக்குப் பின்னால் சிக்கிக்கொண்டதால் பிழைத்தது என்பார்கள். ஜெபர்சன் விஷயத்தில் அதுவும் இல்லை. அவருடைய மனைவி 1782-இல் இறந்தார், இருவரும் எழுதிக்கொண்ட ஒரு கடிதமும் இன்று கிடையாது. வாஷிங்டன் நமக்குக் குதிரை மேல் தெரிகிறார், ஜெபர்சன் பேனாவோடு தெரிகிறார். அவர்கள் அப்படிப்பட்ட மனிதர்கள் என்பதால் மட்டும் அல்ல, வீட்டுக்குள் பார்க்கும் ஜன்னல் சாத்தப்பட்டுவிட்டதாலும்தான். மார்த்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். நாற்பது வருடம் ஊருக்குச் சொந்தமாக இருந்த மனிதரில் கொஞ்சமாவது தனக்கென்று வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. வரலாறு படிக்கிறவள் என்ற முறையில் மனசு கிடந்து தவிக்கிறது, அவ்வளவுதான்.

அபிகெயிலும் எரிக்கத்தான் சொன்னார். பள்ளிக்கூடம் போகாதவர், வீட்டில் படித்தவர். எழுத்துப்பிழை உண்டு என்ற கூச்சம் இருந்தது. என் கடிதங்களை எரித்துவிடுங்கள் என்று கேட்டபோது, அதற்கு முன் நான் உன்னையே மறந்திருக்க வேண்டும் என்ற பொருளில் ஆடம்ஸ் பதில் எழுதினார். 1776 ஜூனில் கடிதங்களைப் படியெடுத்து வைக்கப் பெரிய ஏடு ஒன்று வாங்கினார். அபிகெயிலையும் கடிதங்களைப் பத்திரப்படுத்தச் சொன்னார். அந்த மனிதரின் தற்பெருமையும் இதில் கொஞ்சம் கலந்திருந்தது, தாம் செய்வது வரலாறு என்று அவருக்குத் தெரியும். அந்தத் தற்பெருமைக்கு நான் நன்றி சொல்கிறேன்.

மனதில் பட்டதை எழுதுவதில் ஆபத்தும் இருந்தது. 1775 ஜூலையில் ஆடம்ஸ் எழுதிய இரண்டு கடிதங்கள், ஒன்று அபிகெயிலுக்கு, ஒன்று நண்பர் ஜேம்ஸ் வாரனுக்கு, கொண்டுபோன இளைஞரோடு ஆங்கிலேயரிடம் பிடிபட்டன. அவற்றைப் பத்திரிகையில் அச்சிட்டுவிட்டார்கள். சக உறுப்பினர் ஜான் டிக்கின்சனை, பெயர் சொல்லாமல், பெரும் சொத்தும் அற்ப அறிவும் உள்ளவர் என்று நண்பருக்கு எழுதியிருந்தார். டிக்கின்சனுக்குத் தன்னைத்தான் என்று புரியாமல் போகுமா? செப்டம்பரில் பிலடெல்பியாத் தெருவில் எதிரெதிரே வந்தபோது ஆடம்ஸ் தொப்பியைக் கழற்றி வணங்க, டிக்கின்சன் முகம் கொடுக்காமல் கடந்து போனார். அந்தச் சூடு ஆடம்ஸுக்கு ஆயுசுக்கும் ஆறவில்லை. பிரான்ஸிலிருந்து எழுதியபோது அதன் விளைவை அனுபவித்தவர் அபிகெயில்.

எல்லாரும் எடுத்துக்காட்டும் கடிதம் 1776 மார்ச் 31 தேதியிட்டது. புதிய சட்டங்கள் இயற்றும்போது பெண்களை நினைவில் வையுங்கள், கணவன்மார் கையில் வரம்பில்லா அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள் என்று அபிகெயில் கேட்டார். ஆடம்ஸ் சிரித்து மழுப்பினார். அபிகெயில் மே மாதம், உலகத்துக்கெல்லாம் விடுதலை பேசிவிட்டு மனைவியர் மேல் முழு அதிகாரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறீர்களே என்று திருப்பிக் கேட்டார். அதோடு அந்த விவாதம் நின்றது. இதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதே மார்ச் கடிதத்தில், சக மனிதரை அடிமையாக வைத்திருக்கிறவர்களுக்கு விடுதலைத் தாகம் எப்படி முழுசாக இருக்கும் என்று வர்ஜீனியாக்காரர்களைப் பற்றி அவர் ஐயப்பட்டதை மட்டும் ஏன் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

ஜூலை வந்தது. 3ஆம் தேதி ஆடம்ஸ் இரண்டு கடிதம் எழுதினார், இரண்டாவதில் சொன்னார், இனி ஆண்டுதோறும் ஜூலை 2ஆம் தேதியைத் தீ மூட்டி, வாணம் விட்டு, மணி அடித்துக் கொண்டாடுவார்கள் என்று. காங்கிரஸ் சுதந்திரத் தீர்மானத்தை ஏற்ற நாள் அது. நாடு பிரகடனத்தின் தேதியான 4ஐத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. அந்தக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தபோது அபிகெயில் நாலு குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு, அம்மை குத்திக்கொள்ளப் போஸ்டனில் மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். பிரெயின்ட்ரியிலிருந்து ஒரு பசுவை ஓட்டி வரச் செய்தார், அதற்கு வைக்கோலும் வீட்டுக்கு விறகும் கொண்டு வந்தார். கணவருக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, தெரிந்தால் கவலைப்படுவாரென்று. செய்தி எட்டியதும், குடும்பமே நோயில் கிடக்க இங்கே உட்கார்ந்திருக்கும் நான் ஒரு காட்டுமிராண்டி என்றுதான் தோன்றுகிறது, ஆனால் வேறு வழியில்லை என்று ஆடம்ஸ் எழுதினார். ஜூலை 18 அன்று போஸ்டனில் அரசு மாளிகையின் மாடத்திலிருந்து சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தபோது கீழே கூட்டத்தில் அபிகெயில் நின்றிருந்தார். கணவர் போராடிப் பெற்ற பிரகடனத்தை ஊராரோடு ஊராராகக் கேட்டார்.

மகள் நாபியின் உடம்பில் பெரிய பச்சைப் பட்டாணி அளவில் ஆயிரத்துக்கும் மேல் கொப்புளங்கள். ஆறு வயது சார்லஸுக்குத் திரும்பத் திரும்பக் குத்தியும் பிடிக்கவில்லை, கடைசியில் இயல்பாகவே கடுமையான அம்மை கண்டு, ஜுரத்தில் நினைவு தப்பிப் பிதற்றினான். பிழைத்தான். இந்தச் சார்லஸை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1777 கோடையில் அபிகெயில் நிறைமாதம். ஆடம்ஸ் மறுபடி பிலடெல்பியாவில். ஜூலை 9 கடிதத்தில், முந்தின இரவு உடம்பு குளிர்ந்து நடுங்கியது, வயிற்றில் ஓர் உயிர் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதினார். 10ஆம் தேதி இரவு வலி எடுத்த பிறகும் பேனாவோடு உட்கார்ந்தார். நடுவில், தப்ப முடியாததைத் தாங்கிக்கொள்ள இப்போது பேனாவைக் கீழே வைக்கிறேன் என்கிறார். பிறகு மறுபடி எடுத்து எழுதுகிறார். பிரசவ வலியில் எழுதியவர், போர்ச் செய்தியையும் ஊர் நிலவரத்தையும் விடவில்லை.

அதே 10ஆம் தேதி, பிலடெல்பியாவில், இது எதுவும் தெரியாமல் ஆடம்ஸும் மனைவிக்கு எழுதிக்கொண்டிருந்தார். மூன்று முறை நீ துன்பப்பட்டபோது நான் எந்த உதவியும் செய்ய முடியாமல் தூரத்தில் தவித்திருக்கிறேன் என்கிறார். வீட்டில் சீதபேதி கண்டபோது, குடும்பமே அம்மையில் கிடந்தபோது, இப்போது. அந்த முதலாவது, 1775 இலையுதிர்காலத்து நோய். அதில் அபிகெயில் தம் தாயை அக்டோபர் 1 அன்று பறிகொடுத்தார்.

11ஆம் தேதி பெண் குழந்தை இறந்தே பிறந்தது. எலிசபெத் என்று பெயர். 16ஆம் தேதி அபிகெயில் தாமே அதை எழுதினார். குழந்தைக்கு எந்தக் குறையும் தெரியவில்லை, பார்க்க அழகாக இருந்தது என்று எழுதினார். நாபி தங்கைக்காக மணிக்கணக்காக அழுததை எழுதினார். அந்தக் கடிதம் போய்ச்சேர்வதற்குள் பிலடெல்பியாவிலிருந்து நலம் விசாரித்து, நல்ல சேதிக்குக் காத்திருப்பதாக ஆடம்ஸின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. கல்யாணமான புதிதில் என் கணவர் கரக்பூரில் ரயில்வே வேலையில் இருந்தார், நான் திருச்சியில். இன்லண்ட் லெட்டரில் அவர் கேட்ட கேள்வி என்னிடம் வரும்போது அதற்கான நிலைமையே மாறியிருக்கும், பதிலை யாருக்கு எழுதுவது என்று கையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன். குழந்தையை அடக்கம் செய்த வீட்டில், குழந்தை பிறந்துவிட்டதா என்று கேட்கும் கடிதத்தைப் பிரிப்பது என்னவாக இருந்திருக்கும் என்று அந்த அனுபவத்தால்தான் நான் கொஞ்சமாவது நினைத்துப் பார்க்கிறேன்.

பிரான்ஸ் காலம் வேறு மாதிரி. 1778 பிப்ரவரியில் ஆடம்ஸ் ஜான் குவின்சியை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். கடலில் கப்பல்கள் பிடிபட்டன, கடித மூட்டைகள் கடலில் எறியப்பட்டன. வந்து சேர்ந்தவையும் குட்டையாக, வறண்டு இருந்தன. அபிகெயில் கோபமாகவே எழுதினார். ஆடம்ஸின் பதில் படிக்கப் பிடிக்காதது: மீண்டும் மீண்டும் இப்படிக் குறைப்பட்டு எழுதினால் நான் எழுதுவதையே நிறுத்திவிடுவேன். எதிரி படித்து அச்சிட்டுவிடுவான் என்ற பயம் நியாயமானது, டிக்கின்சன் சம்பவம் இருக்கிறதே. ஆனாலும் வீட்டில் ஒற்றையாக எல்லாவற்றையும் சுமப்பவருக்கு அது ஒரு பதிலா? அபிகெயில் அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. ஐரோப்பாவிலிருந்து கைக்குட்டை, ரிப்பன், தேயிலை, பீங்கான் என்று வரவழைத்து, பஞ்சத்தில் இருந்த ஊரில் விற்றார். அந்தப் பணத்தை அரசுக் கடன் பத்திரங்களில் போட்டார். ஆடம்ஸுக்கு நிலம் வாங்குவதில்தான் ஆசை. கணக்கில் மனைவி சொன்னதே சரியாக வந்தது. மணமான பெண்ணுக்குச் சொந்தச் சொத்துரிமை சட்டத்தில் இல்லாத காலம்.

1779 நவம்பரில் இரண்டாம் பயணம். இந்த முறை ஒன்பது வயது சார்லஸையும் கூட்டிப் போனார். பையனுக்குப் போக விருப்பமில்லை. கப்பல் ஓட்டை விழுந்து ஸ்பெயினில் ஃபெரோல் துறைமுகத்தில் ஒதுங்கியது. குளிர்காலத்தில் கோவேறு கழுதைகளில் மலை கடந்து பாரிஸ் போனார்கள். ஊர் ஏக்கத்தாலும் நோயாலும் துவண்ட சார்லஸை 1781-இல் திருப்பி அனுப்பும்போது ஆடம்ஸ் மனைவிக்கு எழுதினார்: அருமையான குழந்தை, ஐரோப்பாவைத் தாங்க முடியாத அளவுக்கு மென்மையான மனசு, பள்ளியில் சேர்த்து நிலையாக இருக்கப் பார்த்துக்கொள். ஆகஸ்டில் கிளம்பிய பதினொரு வயதுப் பையன் அடுத்த ஜனவரியில்தான் வீடு சேர்ந்தான். தம்பதி மறுபடி நேருக்குநேர் பார்த்தது 1784 ஆகஸ்ட் 7, லண்டனில்.

நடுவில் உள்ள வருடங்களைத் தாண்டுகிறேன். 1797 மார்ச்சில் பதவியேற்றதும் ஆடம்ஸ் எழுதிய கடிதங்களை மட்டும் சொல்ல வேண்டும். முந்தின இரவு தூக்கம் இல்லை, மேடையில் மயங்கி விழுந்துவிடுவேனோ என்று பயம், வீட்டார் ஒருவர்கூட அருகில் இல்லை. வாஷிங்டன் முகம் மட்டும் தெளிவாக இருந்ததாம். நான் நிம்மதியாக வெளியேறுகிறேன், நீ வசமாக மாட்டிக்கொண்டாய் என்று அவர் மனசுக்குள் சொல்வதுபோல் ஆடம்ஸுக்குத் தோன்றியதாம். ஒரு நாட்டின் தலைவர் வேறு யாரிடம் இதைச் சொல்ல முடியும்?

சார்லஸ் நியூயார்க்கில் வக்கீலானான். கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு பெண் குழந்தைகள். பிறகு குடி. அண்ணன் ஜான் குவின்சி நம்பி ஒப்படைத்த சேமிப்பும் போயிற்று. 1799 அக்டோபரில் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவன் பேய் பிடித்தவன் என்றார், அவனைக் கைவிட்டுவிட்டேன் என்றார். பதினெட்டு வருடம் முன்பு மென்மையான மனசு என்று எழுதிய அதே கையெழுத்து. இந்த இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்து வாசித்தால் நெஞ்சு அடைத்துப் போகிறது.

கடிதங்கள் பெரியவர்களை மனிதர்களாக்குகின்றன என்று சொல்லும்போது பொதுவாகத் தேயிலைக் கதையைத்தான் சொல்வார்கள், நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் முழுதாக வாசிக்கிறவருக்கு 1799-ம் சேர்த்தே கிடைக்கும். ஆடம்ஸ் மேல் எனக்குள்ள பிரியம் அந்தக் கடிதத்தால் குறைந்தது, மரியாதை குறையவில்லை, இந்த இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று யோசிக்க வைத்தது. அவர் மகனிடம் காட்டிய கண்டிப்பைத்தான் தம்மிடமும் காட்டிக்கொண்டார். அது நாட்டுக்கு உதவியது, சார்லஸுக்கு உதவவில்லை.

1800 நவம்பர் 1 அன்று, பூச்சு காயாத புது மாளிகையில் ஆடம்ஸ் குடியேறினார், அங்கே குடியேறிய முதல் குடியரசுத் தலைவர் அவர்தான். பின்னால் வெள்ளை மாளிகை என்று பெயர் பெற்ற வீடு. மறுநாள் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அந்த வீட்டுக்கும் அதில் ஆளப்போகிறவர்களுக்கும் ஒரு வாழ்த்தை எழுதினார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1945-இல் அதை விருந்து மண்டபத்துக் கணப்பின் மேல் பொறிக்கச் செய்தார். சுற்றுலா வழிகாட்டிகள் எல்லாரும் காட்டுவது அதைத்தான். அபிகெயில் கணவரோடு சேர வாஷிங்டனுக்குப் போகும் வழியில் நியூயார்க்கில் இறங்கிச் சார்லஸைப் பார்த்தார். பிழைக்க மாட்டான் என்று தெரிந்தது. அவன் மூத்த மகள், நாலு வயது சூசனைத் தம்மோடு கூட்டிக்கொண்டு போனார். நவம்பர் 30 அன்று சார்லஸ் இறந்தான், வயது 30. அடுத்த வருடம் மார்ச்சில், தேர்தலில் தம்மைத் தோற்கடித்த ஜெபர்சனுக்கு எழுதிய சிறு கடிதத்தில் ஆடம்ஸ், ஒருகாலத்தில் என் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் உகந்தவனாக இருந்த மகன் என்று அவனைக் குறிப்பிட்டார்.

அபிகெயில் 1818 அக்டோபர் 28 அன்று டைபாய்டு கண்டு இறந்தார், மணநாள் கழிந்து மூன்று நாள். ஆடம்ஸ் 1826 ஜூலை 4 வரை இருந்தார். பேரன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் பாட்டியின் கடிதங்களை 1840-இலும், தாத்தா பாட்டி இருவருடையதையும் 1876-இலும் அச்சில் கொண்டுவந்தார். எழுத்துப்பிழைகளைத் திருத்தினார், குடும்பத்துக்குள் இருக்க வேண்டியவை என்று பட்டதை நீக்கினார். அவருடைய காலத்துக்கு அது மரியாதை. மூலத்தைக் குடும்பம் விற்கவில்லை, சிதறவும் விடவில்லை. குடும்ப ஆவணங்கள் முழுவதும் 1950-களில் 608 மைக்ரோபிலிம் சுருள்களாக எடுக்கப்பட்டன, மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்துக்குக் கொடுக்கப்பட்டன. இன்று கையெழுத்துப் படங்களும் எழுத்துப்படியும் அந்தக் கழகத்தின் இணையத் தளத்தில் யாரும் பார்க்கக் கிடைக்கின்றன. பேரன் திருத்திய எழுத்துப்பிழைகள் திரும்ப அங்கே இருக்கின்றன.

என்னிடம் கேட்கிற மாணவிகளுக்கு நான் சொல்வது, 1776 ஜூலை 3 கடிதத்தில் தொடங்க வேண்டாம், அது எப்படியும் உங்களைத் தேடி வரும். 1777 ஜூலை 10 தேதியிட்ட இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலில் படியுங்கள், பிறகு அங்கிருந்து முன்னும் பின்னும் போங்கள்.